படத்தோடு ஒரு வரி

திருவிழாக் கூட்டத்தை ஓவியமாகத் தீட்டுவது எளிதன்று. அங்கு யாரும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒருபுறம் மேளம், மறுபுறம் வேடிக்கை, இடையே தொலைந்துபோன பிள்ளையைத் தேடும் தாய். இத்தனையையும் ஒரே சட்டத்துக்குள் அடக்க வேண்டும்.

இங்கிலாந்து ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1733ஆம் ஆண்டில் அதைச் செய்தார். இலண்டனின் சவுத்வர்க் சந்தையை அவர் தீட்டினார். அந்த ஓவியத்தில் நாடக மேடை ஒன்று சரிந்து விழுகிறது, நடிகர்கள் தடுமாறுகின்றனர். உயரே ஒருவன் கயிற்றில் வித்தை காட்டுகிறான். கூட்டத்தின் நடுவே ஒரு பெண் முரசு கொட்டுகிறாள். 1760களில் அந்தச் சந்தை நிறுத்தப்பட்டது. இன்று அதன் ஆரவாரத்தை ஓவியத்தில்தான் காண முடியும். ஆனால், முரசு கொட்டும் பெண் யார் என்பதை ஓவியம் சொல்லவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில், அதற்குச் சற்று முன்னதாகவே, தமிழ்நாட்டிலும் ஒரு திருவிழா ஓவியமாகியது. திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில், முசுகுந்தச் சோழனின் கதை தீட்டப்பட்டுள்ளது. குரங்கு முகம் கொண்ட அம்மன்னன், இந்திரனிடமிருந்து தியாகராசரைப் பெற்றுத் திருவாரூருக்குக் கொண்டுவந்தான் என்பது புராணம். கதை தேவலோகத்தில் நடந்தாலும், திருவிழாக் காட்சியில் ஓவியம் மண்ணுக்கு இறங்கிவிடுகிறது. இறைவன் உலா வருகிறார். பெண்கள் நடனமாடுகின்றனர், கலைஞர்கள் இசைக்கருவிகளை முழக்குகின்றனர், வாணவேடிக்கை ஒளிர்கிறது.

இவ்வோவியத்துக்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. காட்சிகளோடு தமிழ் எழுத்துகளும் சேர்ந்தே வருகின்றன. என்ன நடக்கிறது என்பதை அவை சொல்கின்றன. ஓவியர் தம் பெயரையும் எழுதி வைத்தார். அதனால்தான், சிங்காதனம் என்ற அக்கலைஞரை நாம் இன்றும் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது.

காலப்போக்கில் அழுக்கு படிந்து, பூச்சு உதிர்ந்து, ஓவியத்தின் பல பகுதிகள் சிதைந்தன. பின்னர், வல்லுநர்கள் எஞ்சியவற்றைச் சுத்தம் செய்து பாதுகாத்தனர். உதிர்ந்த இடங்களில் வண்ணத்தோடு எழுத்தும் போய்விட்டது. அங்கே என்ன இருந்தது என்பதை இனி ஊகிக்கத்தான் முடியும்.

மலேசியத் தமிழரின் திருவிழாக்களுக்கும் நீண்ட வரலாறு உண்டு. பத்துமலையில் 1892ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் கொண்டாடப்படுகிறது. கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி இரதம் புறப்படுகிறது. காவடிகள், உறுமி மேளம், தண்ணீர்ப் பந்தல்கள், வளையல் கடைகள் என மலையடிவாரமே ஒரு பெரிய சந்தையாகிவிடுகிறது. தீபாவளி நெருங்கும்போது பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் இதே பரபரப்பைக் காணலாம்.

இக்காட்சிகளைப் படம்பிடிக்க இன்று ஓவியர் தேவையில்லை. ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. ஒரே இரவில் ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கப்படுகின்றன. ஆனால், உறுமி அடித்த இளைஞர் யார்? விடிய விடிய மோர் ஊற்றிக் கொடுத்த அம்மா எந்த ஊர்? பெரும்பாலான படங்களில் இதற்கு விடை இல்லை. வீட்டுப் பழைய படத்தொகுப்புகளிலும் இதே நிலைதான். தாத்தாவின் தோளில் கைபோட்டு நிற்பவரின் பெயர் பாட்டிக்கு மட்டுமே தெரியும். பாட்டிக்குப் பின் அவர் வெறும் முகமாகிவிடுவார்.

படம் முகத்தைக் காக்கும். பெயரைக் காப்பது எழுத்து. பழைய படத்தின் பின்புறம் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிவைக்கச் சில நிமிடங்கள் போதும். சொல்லத் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதைக் கேட்டு எழுத வேண்டும்.