மலைக்கு பஸ் உண்டு, பள்ளிக்கு?

திருப்பதியில் கார்களுக்குப் பஞ்சமே இல்லை. ரயில் நிலையத்திலிருந்து அலிபிரி வரை பல மாநிலப் பதிவெண்களை எண்ணிவிடலாம். ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் யாத்ரிகர்களைச் சுமந்து வந்து, மறுநாளே திரும்பிவிடுபவை. ஊரிலேயே குடியிருந்து, வாடகை கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பங்களின் கதை வேறு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் நூறு குடும்பங்களில் சுமார் எட்டிடம்தான் கார் இருக்கிறது. மற்றவர்கள் காலை எட்டு மணியை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைத் திருப்பதியிலும், அங்கிருந்து 70 கி.மீ. தள்ளியுள்ள சித்தூரிலும் பார்க்கலாம்.

நடந்து வருபவர்களை நம்பி வளர்ந்த ஊர் திருப்பதி. 1944இல் முதல் மலைப்பாதை திறக்கும்வரை படியேறுவது, இல்லாவிட்டால் டோலி. 1974இல் இரண்டாவது பாதை வந்தது. இன்று ஏற ஒன்று, இறங்க ஒன்று. 2022 செப்டம்பரில் மின்சார பஸ்களும் மலையேறத் தொடங்கின. கார் இல்லாத பக்தருக்கு எந்தக் குறையும் இல்லை.

இந்த ஏற்பாட்டின் ஓரத்தில் வசிப்பவர்களுக்கும் அதிர்ஷ்டம்தான். ரூயா அரசு மருத்துவமனை, ஸ்விம்ஸ், எலும்பு சிகிச்சைக்கான பர்ட் மூன்றுமே அலிபிரி சாலையை ஒட்டியவை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினால் போதும். 1954இல் தோன்றிய வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் 1983இல் வந்த பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் மலையடிவாரத்திலேயே இருப்பதால், வாகனம் இல்லாத வீட்டுப் பெண்ணும் முனைவர் பட்டம் வரை படித்துவிட முடிகிறது.

தொல்லை யாத்ரிகர் போகாத தெருக்களில் ஆரம்பிக்கிறது. வாடகை குறைவு என்று ஊரின் விளிம்புக்குப் போன குடும்பத்துக்கு ஷேர் ஆட்டோவே கதி. அது நிரம்பினால்தான் கிளம்பும். பள்ளி மணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2023இல் திறக்கப்பட்ட ஸ்ரீநிவாச சேது மேம்பாலம் அலிபிரிக்குப் போகும் வாகனங்களை நெரிசலுக்கு மேலே தூக்கிவிட்டது. புத்தகப் பையோடு சாலையைக் கடக்க வேண்டிய பிள்ளைகள் கீழேதான் நிற்கிறார்கள்.

எனவே கடன் வாங்கியாவது ஒரு ஸ்கூட்டர். முன்னே நின்றபடி மூத்தவன், நடுவில் இளையவள், பின்னால் அம்மா. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமோ ஓட்டுபவருடன் இன்னொருவரை மட்டுமே அனுமதிக்கிறது. அதாவது, முதல் குழந்தை பிறந்ததுமே குடும்பம் சேர்ந்து வெளியே போவது சட்ட மீறலாகிவிடுகிறது. காவலரும் பார்த்தும் பாராமல் இருக்கிறார். விபத்து அப்படி இருப்பதில்லை.

சித்தூருக்கு அதன் அளவே வரம். கடைத்தெருவும் பள்ளியும் கலெக்டர் அலுவலகமும் பலருக்கு நடை தூரம். ஆனால் திருப்பதியில் வேலை கிடைத்தவர் தினமும் ஊர் தாண்டியாக வேண்டும். காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி செல்லும் ரயில் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிர் ரயிலுக்காகக் காத்துக் கிடப்பது பழகிப்போன விஷயம். இந்த 104 கி.மீ. பாதையை ரூ. 1,332 கோடியில் இரட்டிப்பாக்க 2025 ஏப்ரலில்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 15 முதல் ஆந்திரத்தில் பெண்களுக்கு பஸ் பயணம் இலவசம். பல்லெ வெலுகு முதல் எக்ஸ்பிரஸ் வரை ஐந்து வகை பஸ்களில் இது செல்லும். அம்மாவும் மகளும் கட்டணம் இல்லாமல் போக, காசு கொடுப்பவர் அப்பா மட்டுமே. மிச்சமாகும் பணம் டியூஷனுக்கோ பாலுக்கோ போகிறது. ஆனால் சித்தூர்த் தமிழ்க் குடும்பங்கள் பெரிய வைத்தியம் என்றால் நாடுவது வேலூரை. மாநிலம் தாண்டும் பஸ்ஸில் சலுகை கிடையாது.

இந்தக் குடும்பங்களில் பலவற்றுக்குக் கார் ஓர் ஆசைதான், அவசரம் அதுவல்ல. காலை எட்டுக்கும் மாலை நாலரைக்கும் தெருமுனையில் நேரம் தவறாமல் வரும் ஒரு பஸ்தான் அவசரம். செங்குத்தான மலையில் ஆயிரக்கணக்கானோரை தினமும் ஏற்றி இறக்கத் தெரிந்த ஊருக்குச் சமதளத்தில் இது முடியாத காரியமல்ல.