பெயரின் முன் நிற்கும் சிறுசொல்

தமிழில் ஊர்ப்பெயரையும் நாட்டுப்பெயரையும் எழுதுவோர்க்கு இடர்ப்பாடு பெரிதாக இல்லை. காயல்பட்டினம் என்றாலும் கெய்ரோ என்றாலும், பெயரை எழுதி உரிய வேற்றுமை உருபைச் சேர்த்தால் வாக்கியம் அமைந்துவிடும். ஆங்கிலத்திலோ, பெயருக்கு முன்னே 'தி' என்னும் சிறுசொல் வர வேண்டுமா, வேண்டாவா என்ற வினா எழுகின்றது. நம் மொழியில் இல்லாத சொல் அது. ஆகவேதான் நம் பிள்ளைகள் அதில் தடுமாறுகின்றனர்.

நம் பேத்தி, ரோஹிங்கியா முஸ்லிம்களின் வழக்கைப் பற்றிப் பள்ளிக்காக ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வரைந்தாள். 2019 நவம்பரில் மியன்மார் மீது இனப்படுகொலை வழக்குத் தொடுத்த நாடு காம்பியா. வழக்கை ஏற்ற பன்னாட்டு நீதிமன்றம் அமைந்துள்ள நகரம் ஹேக். இவற்றை அவள் 'தி காம்பியா', 'தி ஹேக்' என்றே எழுதியிருந்தாள். திருத்தியவர் 'தி' வந்த இடங்களையெல்லாம் சிவப்பு மையால் அடித்துவிட்டார். "நான் எழுதியது பிழையா, நன்னா?" என்று அவள் கேட்டபோது முகம் வாடியிருந்தது. பிழையன்று என்றோம். ஆயினும் காரணம் கூறாத ஆறுதல் கல்விக்கு உதவாதன்றோ? எனவே காரணத்தையும் விளக்கினோம்.

திருத்தியவர் கைக்கொண்ட விதி பொதுவில் சரியானதே. இந்தியா, எகிப்து, மதுரை முதலியவற்றின் முன் 'தி' வாராது. ஆனால் பிலிப்பைன்ஸ், நெதர்லாந்து போல ஆங்கிலத்தில் பன்மையாய் அமைந்த பெயர்கள் அதனை ஏற்கும். ஆறுகளின் பெயர்களும் ஏற்கும். காம்பியா என்பதும் ஆற்றின் பெயரே. மூன்று புறமும் செனகல் சூழ, அவ்வாற்றின் இரு கரைகளிலும் நீண்டு கிடக்கும் நாடு அப்பெயரையே தனதாக்கிக் கொண்டது. விடுதலைக்கு முன்னர், 1964-ல், அதன் பிரதமர் ஜவாரா, 'தி' என்பதை விடாது வழங்குமாறு பிரிட்டனின் இடப்பெயர்க் குழுவுக்கு எழுதினார். சாம்பியா என்னும் பெயரோடு குழம்பலாகாது என்பதும் ஒரு காரணம். ஹேக் நகரமோ டச்சு மொழியிலேயே 'டென் ஹாக்'. அங்குள்ள 'டென்' தான் ஆங்கிலத்தில் 'தி' ஆயிற்று.

எனவே இவ்விரு பெயர்களும் வாக்கியத்தின் நடுவில் வந்தாலும், 'தி'யின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக இடுவது அதிகாரபூர்வ வழக்கு. பன்னாட்டு நீதிமன்றத்தின் ஆவணங்களும் அவ்வாறே எழுதுகின்றன. பெயர் அடைமொழியாகும்போது மட்டும் அச்சொல் விலகிக்கொள்ளும். 'ஒரு காம்பிய அமைச்சர்' என்கையில் அதற்கு இடமில்லை.

உக்ரைன் மக்களின் விருப்பமோ இதற்கு மாறானது. முன்னாளில் அந்நாட்டையும் ஆங்கிலேயர் 'தி' சேர்த்து வழங்கினர். 1991-ல் விடுதலை பெற்ற பின்னர், தம் நாட்டைப் பிறிதொரு நாட்டின் பகுதிபோல் அச்சொல் காட்டுகின்றது என்று அவர்கள் அதனை வேண்டாமென்றனர்; ஆங்கில உலகமும் இசைந்தது. ஒரே சொல், ஓரிடத்தில் மரியாதை, மற்றோரிடத்தில் மனக்குறை. உரியவர் விருப்பமே இங்கு இலக்கணமாகின்றது.

பெயரைக் குறைப்பதால் வரும் வருத்தத்தை நம்மவர் அறியாதவரல்லர். ஊரில் அப்துல் காதராக இருப்பவர், கடல் கடந்து சென்றதும் அலுவலகத்தில் 'மிஸ்டர் அப்துல்' ஆகிவிடுகின்றார். அடியான் என்பது நிற்க, யாருடைய அடியான் என்பது அறுந்துபோகின்றது. அழைத்தவர் அறியாது அழைத்தார் என்றாலும், கேட்பவர் நெஞ்சில் அது தைக்கவே செய்யும்.

ஆப்பிரிக்கப் பெருநிலப்பரப்பில் மிகச் சிறிய நாடு காம்பியா. தனக்கு நேரடிப் பாதிப்பு ஏதுமில்லாதிருந்தும், தொலைதூரத்து ரோஹிங்கியா மக்களுக்காக அது வழக்காட முன்வந்தது. அம்மக்களைக் காக்கும் நடவடிக்கைகளை மேற்கொள்ளுமாறு 2020 ஜனவரி 23 அன்று நீதிமன்றம் மியன்மாருக்கு ஒருமனதாக இடைக்கால ஆணை பிறப்பித்தது. அத்தகைய நாட்டின் பெயரைச் சிதைக்காமல் எழுதுவது நாம் செலுத்தக்கூடிய எளிய மரியாதையாகும். பழக்கமில்லாத பெயரொன்றை ஆங்கிலத்தில் எழுத நேரும்போது, அந்நாட்டார் தம் பெயரை எவ்வாறு எழுதுகின்றனர் என்பதை நம் பிள்ளைகள் முதலில் பார்த்துக்கொள்ளட்டும். விதி நூலை அதன் பின்னர்ப் புரட்டலாம்.