நின்றது, உட்கார்ந்தது

செப்டம்பர் 10, 2024

நின்றது 9 நிமிடம். உட்கார்ந்தது 14.

இப்படி எழுதி வைக்கச் சொன்னவர் பிசியோதெரபி டாக்டர். எத்தனை நிமிடம் நின்றால் வலி காலுக்கு இறங்குகிறது, எத்தனை நிமிடம் உட்கார்ந்தால் இறங்குகிறது, அவ்வளவுதான் அவருக்கு வேண்டும். மகள் தன் பழைய கல்லூரி நோட்டைக் கொடுத்தாள். முதல் பாதியில் அவளுடைய ஆர்கானிக் கெமிஸ்ட்ரி. மீதியில் என் இடுப்பு.

போன மாதம் ஒரு நாள் காலையில் தண்ணீர் வாளியைத் தூக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். பதினைந்து வருடமாக மும்பை லோக்கல் ரயிலில் நெரூலில் ஏறி, குர்லாவில் மாறி, பரேலில் இறங்குகிறேன், பெரும்பாலும் நின்றுகொண்டே. அதெல்லாம் செய்யாததை அரை வாளித் தண்ணீர் செய்துவிட்டது.

"அப்போ உட்கார்ந்தே இருக்கட்டுமா?" என்று கேட்டதற்கு டாக்டர் சிரித்தார். கூன் போட்டு உட்கார்ந்தால் டிஸ்க்மேல் விழும் பாரம் நிற்பதைவிட அதிகமாம். ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதும் கூடாது. நடக்கலாம், படுக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் என் பிழைப்பு என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

செப்டம்பர் 13

நின்றது 11. உட்கார்ந்தது 14. மழை. துணி காயவில்லை.

செப்டம்பர் 20

வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஜனவரி 18, 19 தேதிகளில் கோல்ட்ப்ளே கச்சேரி செய்ய வருகிறார்களாம், நம் டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்துக்கு. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம் என்பதால் அது எங்களுக்கு 'நம்ம' ஸ்டேடியம். 2010 ஐபிஎல் இறுதி ஆட்டத்தில் சென்னை மும்பையை அங்கேதான் தோற்கடித்தது. அன்று அக்கம்பக்கத்தில் என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தோம். 2019 டிசம்பரில் யூ2 வந்தபோது மகளுக்கு உள்ளே போக வயதும் இல்லை, எங்களிடம் பணமும் இல்லை. பால்கனியில் நின்று கேட்டாள்.

அடுத்த முறை கூட்டிக்கொண்டு போவேன் என்று நல்ல இடுப்போடு இருந்த காலத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

விலைப்பட்டியலை அவள் மனப்பாடமாகச் சொல்கிறாள். உச்சி அடுக்கில் 2,500 ரூபாயில் தொடங்கி, கீழே இறங்க இறங்க 9,500, 12,500 என்று ஏறுகிறது. லவுஞ்ச் 35,000. மைதானத்தில் நின்று பார்க்க 6,450. அவளுக்கு நிற்கும் டிக்கெட்தான் வேண்டும்.

"ம்மா, அவங்க மெயின் மேடையிலயே இருக்க மாட்டாங்க. நடுவுல ஒரு சின்ன மேடை, கடைசில இன்னொண்ணு. கூட்டத்துக்குள்ளயே வந்து பாடுவாங்க. கீழே இருந்தாதான் அது கிடைக்கும்."

நிற்கும் டிக்கெட்டில் நம்பர் கிடையாது. முன்னால் நிற்க வேண்டுமென்றால் வெயிலிலேயே போய் வரிசையில் காத்திருக்க வேண்டும். பாத்ரூமுக்குப் போனால் இடம் போச்சு. நான் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. எனக்குப் பாட்டுக்காரர் தெரிய மாட்டார், முன்னால் நிற்பவரின் பனியன் பின்பக்கம்தான் தெரியும். மேலே உட்கார்ந்தால் முழு மைதானமும் தெரியும், அந்த ஸ்டேடியத்தின் கூரைக்கு மறைக்கிற தூண்களே கிடையாது. எல்லோர் கையிலும் கட்டிவிடும் பட்டைகள் ஒரே சமயத்தில் நிறம் மாறி ஒளிர்வதைக் கீழே நிற்பவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? இதையெல்லாம் வக்கீல் மாதிரி எடுத்துச் சொன்னேன். இடுப்பைப் பற்றி நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

அம்மாதான் நடுவில் புகுந்தாள். "பாட்டு கேக்கதுக்கு நின்னுக்கிட்டா இருப்பாவ? எங்க ஊர்க் கொடைக்கு வில்லுப்பாட்டுன்னா பொழுது சாயும்போதே சாக்க விரிச்சு எடம் போட்டுருவோம்லா. விடிய விடிய இருந்து கேப்போம்."

"ஆச்சி, அங்க சாக்கெல்லாம் உள்ள விடமாட்டாங்க."

"அப்பம் அது என்னட்டி கச்சேரி?"

செப்டம்பர் 22, ஞாயிறு

பகல் 12 மணிக்கு விற்பனை. 11.40க்கே மூன்று போன், ஒரு லேப்டாப், அடுத்த வீட்டுக்காரர்களின் வைஃபை. டிக்கெட் தளம் எங்களை ஆன்லைன் வரிசையில் நிறுத்தியது. எங்களுக்கு முன்னால் நான்கு லட்சத்துச் சொச்சம் பேர். ஸ்டேடியத்தில் கிரிக்கெட்டுக்கே சுமார் 45,000 பேர்தான் உட்கார முடியும். கணக்குத் தெரிந்தவள் எழுந்து சோறு வடிக்கப் போயிருப்பாள். நாங்கள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். நான் சோபாவில் படுத்தும் எழுந்தும் நின்றும். நடுவில் 21ஆம் தேதி மூன்றாவது காட்சி என்று அறிவித்தார்கள். மகள் கத்தியதில் அம்மா சாமி அறையிலிருந்து ஓடி வந்தாள்.

அந்த 21க்குத்தான், லேப்டாப்பில், எங்கள் முறை வந்தது.

நிற்கும் டிக்கெட், இரண்டு. மேலே கடிகாரம் ஓடுகிறது, நான்கு நிமிடம். அவள் பணம் கட்டும் பொத்தான்மேல் விரலை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ம்மா?"

நான் சொன்னது: "உட்கார்ற இடம் எதுவும் இருக்கான்னு ஒரு தடவை பாரு."

பார்த்தாள். இருக்கைகள் எல்லாம் சாம்பல் நிறம். திரும்பி வந்தபோது நிற்கும் டிக்கெட்டும் சாம்பல் நிறம்.

அவள் அழவில்லை. சோற்றைப் போட்டுத் தயிர் ஊற்றிச் சாப்பிட்டாள். அதுதான் தாங்கவில்லை.

நின்றது, உட்கார்ந்தது இன்று எழுதவில்லை.

செப்டம்பர் 24

நின்றது 10. உட்கார்ந்தது 12. குறைந்திருக்கிறது. பேச்சும்.

செப்டம்பர் 29

2017இல் இதே நாள் வெள்ளிக்கிழமை, சரஸ்வதி பூஜை. புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் வைக்க வேண்டுமென்று லீவு போட்டிருந்தேன். காலை பத்தரை மணிவாக்கில் எல்ஃபின்ஸ்டன் ரோடு நடைமேம்பாலத்தில், திடீரென்று பெய்த மழைக்கு ஒதுங்கியவர்களும் ரயிலைவிட்டு இறங்கியவர்களும் மாட்டிக்கொண்டார்கள். 23 பேர் இறந்தார்கள். பரேலில் இறங்கி நான் தினமும் ஏறும் படி அது. அடுத்த வருடம் ராணுவம் வந்து புதுப் பாலம் கட்டியது. எல்ஃபின்ஸ்டன் ரோடு பிரபாதேவி ஆனது. புதுப் பாலம் அகலமாக இருக்கிறது. அதில் ஏறும்போதெல்லாம் கைப்பிடியை ஒட்டியே நடக்கிறேன்.

ராத்திரி தூக்கம் வராமல் போனில் படித்துக்கொண்டிருந்தேன். சின்சினாட்டியில் 1979இல் இருக்கை எண் இல்லாத ஒரு கச்சேரி, வாசலில் நெருக்கி 11 பேர். டென்மார்க் ரோஸ்கில்டேயில் 2000இல் 9 பேர். ஹூஸ்டனில் 2021இல் 10 பேர். நெரிசலில் சாகிறவர்கள் மிதிபட்டுச் சாகிறார்கள் என்று நினைத்திருந்தேன். பெரும்பாலும் மூச்சு முட்டித்தானாம், நின்ற நிலையிலேயே. நெஞ்சு விரிய இடமில்லாமல்.

காலையில் இதை மகளிடம் ஒப்பித்தேன். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் நீண்ட வாக்கியம் இது: "சதுர மீட்டருக்கு அஞ்சாறு பேருக்கு மேல போனா ஆபத்துன்னு அதே இடத்துல போட்டிருக்கும்மா. நம்ம லோக்கல்ல பதினாலுலருந்து பதினாறு பேர் நிப்பாங்கன்னு ரயில்வேயே கணக்கு வெச்சிருக்கு. நீ தினம் அதுலதானே போன?"

போன. இறந்தகாலம். அவளுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

அக்டோபர் 9

நின்றது 16. உட்கார்ந்தது 20.

அக்டோபர் 18

ஆபீஸ் கடிதம். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். எப்போது சேருவீர்கள், மருத்துவச் சான்று என்ன சொல்கிறது, பிப்ரவரி முதல் வாரத்துக்குமேல் இடத்தை வைத்திருப்பது கடினம். வைத்திருக்கும் அந்த 'இடம்' ஒரு நாற்காலி. அதில் எட்டு மணி நேரம் உட்கார வேண்டும். அந்த நாற்காலிக்குப் போய்ச் சேர ஒன்றே கால் மணி நேரம் நிற்க வேண்டும்.

பதில் போடவில்லை.

அக்டோபர் 31, தீபாவளி

பன்வேல்காரி போன் செய்தாள். பெயர் தெரியும், ஆனாலும் ரயிலில் நாங்கள் ஏறும் ஸ்டேஷன்தான் எங்கள் பெயர். பன்வேல்காரிக்கு வண்டி கிளம்பும் இடத்திலேயே சீட். கார்கர்க்காரிக்கு நாலாவது சீட்டின் நுனி. நெரூல்காரியான எனக்கு அவர்கள் முழங்காலுக்கு நடுவில் நிற்கும் இடம். மான்குர்டு தாண்டியதும் பன்வேல்காரி எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் என்னை உட்கார வைப்பாள். பதினோரு வருடம்.

"உன் இடத்துல யாரோ புதுசா ஒருத்தி நிக்கிறா," என்றாள் இந்தியில். "நல்ல பொண்ணுதான்."

முறுக்கு அனுப்புகிறேன் என்றேன்.

நவம்பர் 22

மகள் கல்லூரியிலிருந்து போன் செய்து, பேசாமல் மூச்சு மட்டும் விட்டாள். நான் பயந்துவிட்டேன்.

'இன்ஃபினிட்டி' டிக்கெட் என்று ஒன்று இருக்கிறதாம். இந்தச் சுற்றுப்பயணத்தில் ஒவ்வோர் ஊரிலும் கடைசியாகக் கொஞ்சம் விற்பார்கள். ஒன்று 2,000 ரூபாய், இரண்டு இரண்டாகத்தான் வாங்க வேண்டும், இரண்டும் பக்கத்துப் பக்கத்து இடம். எந்த இடம் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். மேடை ஓரத்தில் நிற்பதாகவும் இருக்கலாம், உச்சி அடுக்கின் கடைசி வரிசையாகவும் இருக்கலாம். கச்சேரி அன்று கவுன்டரில் அடையாள அட்டையைக் காட்டினால்தான் தெரியும். வகுப்பில் பெஞ்சுக்கடியில் போனை வைத்து வாங்கியிருக்கிறாள்.

"என்னைக் கேக்கவே இல்லையே," என்றேன்.

"கேட்டா நீ மறுபடியும் பார்க்கச் சொல்லுவ."

ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

ஒத்திகை. நெரூலிலிருந்து வாஷி, மூன்று ஸ்டேஷன். ஞாயிறு மதியம், லேடீஸ் பெட்டியில் கூட்டம் குறைவு. மகள் என்னை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தாள். ஜுய்நகரில் ஏறிய ஒரு பெண் என் முன்னால் வந்து நின்று, "கஹா உதர்னா ஹை?" என்றாள்.

எங்கே இறங்கணும் என்ற இந்தக் கேள்வியைப் பதினைந்து வருடமாகக் கேட்டவள் நான். கேட்டுவிட்டால், அவள் இறங்கும்போது அந்த சீட் நமக்கு. எழுதப்படாத பத்திரம். அதன்பிறகு வேறு யாரும் கேட்டால், "இது சொல்லியாச்சு" என்பாள். அம்மாவின் கொடைச் சாக்கு இங்கே வெறும் வாய்ச்சொல்.

"வாஷி," என்றேன். அந்தப் பெண் என் முழங்காலுக்கு எதிரே வசதியாக நின்றுகொண்டாள். ஒரு கையில் காய்கறிப் பை. சான்பாடா வருவதற்கு முன்பே எழுந்துவிட்டேன். மகள் கையைப் பிடித்து இழுத்தாள். வலிக்கிறதா என்று கேட்டாள். வலித்தது. உட்கார்ந்ததாலா நின்றதாலா என்று சொல்ல முடியவில்லை.

நின்றது 6. உட்கார்ந்தது 7. வீட்டில் இதைவிட நன்றாகவே எண்ணுகிறேன்.

ஜனவரி 18, 2025

சாயங்காலத்திலிருந்து பால்கனிக் கம்பி அதிர்கிறது. கூட்டம் ஒரே குரலில் பாடுவது காற்று திரும்பும்போதெல்லாம் வந்து போகிறது. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு வெற்றிலை மடித்தபடி கேட்டாள். "நல்லாத்தான் பாடுதான். என்ன, கூட பாடுதவனுவளுக்குத்தான் சுருதி சேரல."

டிக்கெட் இல்லாமலே முதல் வரிசை அவளுக்கு.

ஜனவரி 22

நேற்று கவுன்டரில் கிடைத்தது மேல் அடுக்கு, பின்னாலிருந்து மூன்றாவது வரிசை. இருக்கை. மகளின் முகம் ஒரு நொடி விழுந்து எழுந்தது. நான் அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

முதல் பாட்டு தொடங்கியதும் ஸ்டேடியமே எழுந்து நின்றது. மேல் அடுக்கு, கீழ் அடுக்கு எல்லாம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இத்தனை மாதம் கணக்குப் போட்டோமே, ஒருவராவது சொன்னார்களா? உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். முன்னால் முதுகுகள். ஒரு தகப்பன், தோளில் குழந்தை, அதன் கைப்பட்டை சிவப்பாகி, நீலமாகி, மஞ்சளாகி. எனக்கு அந்தக் குழந்தையின் மணிக்கட்டுதான் கச்சேரி.

மகள் குனிந்து காதில் கத்த ஆரம்பித்தாள், ரேடியோவில் கிரிக்கெட் சொல்கிற மாதிரி. "இப்ப நடு மேடைக்கு ஓடி வர்றாரும்மா. இப்ப டிரம்ஸ்காரர் பாடுறாரு. இப்ப எல்லாரும் கடைசி மேடைக்கு வந்துட்டாங்க, அது நம்ம பக்கம்!" தானும் பார்க்க வேண்டுமே இவள் என்று நினைத்து எழுந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலில். பிறகு உட்கார்ந்தேன். பிறகு எழுந்தேன்.

மேலிருந்து பார்த்தால் மைதானம் முழுக்க ஒளிப்புள்ளிகள். மேடைப் பக்கம் அடர்த்தி. பின்பக்கத்தில் நிறைய இடம் காலியாகக் கிடந்தது. அங்கே சிலர் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தே விட்டாள். 6,450 ரூபாய் கொடுத்தவர்கள். மகள் அவர்களைக் காட்டிச் சிரித்தாள், நானும் சிரித்தேன். இங்கே நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம்.

வெளியே வரும்போது கைப்பட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கூட்டம் நகர்ந்து நகர்ந்து வந்தது. மகள் எனக்குப் பின்னால் இரண்டு கையையும் என் இடுப்புக்கு இரு பக்கமும் வைத்துக்கொண்டு, தொடாமல், நடந்து வந்தாள்.

ராத்திரி வலி பெருவிரல் வரைக்கும். கணக்குக் கலந்துவிட்டது, டாக்டருக்கு எதை எழுதுவது?

ஜனவரி 23

படுக்கை.

ஜனவரி 24

படுக்கை. மகள் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறாள். சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன்.

பிப்ரவரி 3, திங்கள்

ஆபீஸுக்குப் பதில் இன்னும் போடவில்லை. காலையில் யாரிடமும் சொல்லாமல் சேலை கட்டி, டிபன் எடுத்து, நெரூல் ஸ்டேஷனுக்குப் போனேன். லேடீஸ் பெட்டி வந்து நிற்கும் கோட்டுக்குப் பக்கத்தில், என் வழக்கமான பிளாட்ஃபாரத் தூண்.

எங்கள் வண்டி வந்தது. ஜன்னலில் பன்வேல்காரி. பார்த்ததும் கையை ஆட்டி, பாதி எழுந்து, வா வா என்றாள். அவள் முழங்காலுக்கு முன்னால் நின்ற புதுப் பெண்ணும் என்னைப் பார்த்தாள். வாசலில் ஐந்தாறு பேர் தொங்கினார்கள். வண்டி போய்விட்டது. அடுத்ததையும் விட்டேன். அதற்கடுத்ததில் இடம் இருந்தது.

பெஞ்சில் ஒரு பெரியவர் நகர்ந்து உட்காரச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து டிபனை மதியம் சாப்பிட்டேன்.

நின்றது 38. உட்கார்ந்தது இல்லை.