நிரப்புவதா, வாங்குவதா?

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்குவதா, வீட்டிலேயே செய்துகொள்வதா என்னும் வினா நம்மவர்க்குப் புதியதன்று. மிளகாய்த்தூளைக் கடையில் வாங்கலாமா, வறுத்து இடிப்பிக்கலாமா என்று எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டில் ஆண்டுதோறும் ஒரு வழக்காடல் நடைபெறும். செலவு, சுத்தம், சுவை, நேரம் ஆகிய நான்கும் அவ்வழக்கிற் சாட்சிகளாக வந்துநிற்கும். முடிவு எதுவாயினும், தூள் பிழைத்தாற் கறி பிழைக்கும், அதற்குமேல் ஒன்றுமில்லை. பிழைத்தாற் கையையே கொண்டுபோகக்கூடிய ஒரு பொருளைப் பற்றியும் இதே வினாவை ஒருகால் நான் எழுப்ப நேர்ந்தது. கைத்துப்பாக்கித் தோட்டாக்களே அப்பொருள்.

1980 இல் இரசாயனவியலில் ஆய்வு செய்யும்பொருட்டு ஐக்கிய அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்திற்குச் சென்றிருந்தேன். அங்கே குறிபார்த்துச் சுடுதல் ஒரு விளையாட்டு. மாணவர் கழகமொன்று அதற்கென இருந்தது. மாணவராக வந்த வெளிநாட்டவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைப் பெரும்பாலும் தடைசெய்யும் சட்டம் 1998 இலேயே வந்தது. அக்காலத்தில் அத்தடை இருக்கவில்லை. கடதாசி வட்டங்களை நோக்கி மூச்சடக்கி நிற்கும் அந்த அமைதி என்னை ஈர்த்தது. ஆனால், கிழமைக்கு இரு பெட்டித் தோட்டா வாங்குவதற்கு ஆய்வு மாணவனின் உதவிப்பணம் இடங்கொடுக்கவில்லை. நான் மேல்மாடியில் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர், ஓய்வுபெற்ற கடைசற்பட்டறைத் தொழிலாளர். அவர் தம் கராஜின் ஒரு மூலையில் நெடுங்காலமாகத் தமக்கு வேண்டிய தோட்டாக்களைத் தாமே நிரப்பிவந்தார். தம் கருவிகளை நானும் பயன்படுத்தலாம் என்றார்.

தோட்டா என்பது நான்கு உறுப்புகளாலானது. பித்தளைக் கோது, அதன் அடியிற் பொருத்தப்படும் சிறு தீமூட்டி, உள்ளே மருந்து, வாயிற் செருகப்படும் ஈயச் சன்னம் என்பனவே அவை. வெடித்தபின் தீமூட்டி அவிந்துவிடும், மருந்து எரிந்துபோகும், சன்னம் பறந்துபோகும். கோது மாத்திரம் நிலத்தில் எஞ்சும். நான்கினுள்ளும் செய்வதற்கு அரியதும் விலைகூடியதும் இக்கோதே. நெருக்கத்தில் விரியும் கோதை மீண்டும் அச்சிலிட்டு ஒடுக்கிப் பலமுறை பயன்படுத்தலாம். வீட்டில் நிரப்புதலின் பொருளியல் முழுவதும் இதிலேயே தங்கியுள்ளது எனலாம்.

நானும் ஒரு கொப்பியிற் கணக்கிட்டேன். மருந்து நிறுக்கப்படும் அலகு கிறெயின். ஓர் இறாத்தலுக்கு 7,000 கிறெயின். நாங்கள் சுட்ட மென்மையான தோட்டாவுக்கு ஏறத்தாழ மூன்று கிறெயின் போதுமாதலால், ஓர் இறாத்தல் மருந்தில் 2,300 தோட்டாக்களுக்குமேல் நிரப்பலாம். சுடுகளத்தின் தரையிற் பொறுக்கிய கோதுகளுக்கு விலையில்லை. சன்னங்களை வீட்டுக்காரர் பழைய ஈயத்தை உருக்கி வார்த்துத் தந்தார். ஆகவே எனக்கு அடங்கிய செலவு கடைவிலையிற் பாதிக்கும் குறைவு. கருவிகளையும் தாமே வாங்குவோர்க்கு முதற் சில ஆயிரம் தோட்டாக்கள் அக்கடனை அடைக்கவே போய்விடும். ஒரு மணித்தியாலத்தில் ஐம்பது அறுபதுக்குமேல் நிரப்ப முடியாதாகையால், நேரத்துக்கும் கூலி போட்டால் இலாபம் பெரிதும் கரைந்துவிடும். வீட்டுக்காரரோ இக்கணக்கைக் கண்டு சிரித்தார். நிரப்புகிறவன் பணம் மிச்சம் பிடிப்பதில்லை, அதே பணத்திற்குக் கூடுதலாகச் சுடுகிறான் என்பது அவர் கட்சி.

கணக்கில் வராத ஒன்றை அவர் எனக்கு வேறாகக் கற்பித்தார். நாங்கள் பயன்படுத்திய .38 ஸ்பெஷல் என்னும் தோட்டா 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த பழைய கருமருந்தைக் கொள்ளத்தக்க அளவில் அதன் கோது அமைந்தது. 1884 இல் போல் வியேய் என்னும் பிரெஞ்சு இரசாயனவியலாளர் கண்ட புகையற்ற மருந்தின் வழிவந்தவையோ மிகச் சிறிதளவிலேயே வேண்டிய வலுவைத் தருவன. எனவே, பெரிய வீட்டிற் குடியேறிய சிறு குடும்பம்போல, மூன்று கிறெயின் மருந்து கோதின் அடியில் ஒதுங்கிக் கிடக்கும். கவனம் பிசகி இருமுறை ஊற்றினாலும் நிரம்பி வழியாது. இந்தத் தோட்டாவுக்கு விதிக்கப்பட்ட உச்ச அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 17,000 இறாத்தல். நாம் சுவாசிக்கும் வளியின் அமுக்கத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்டது. இரட்டை மருந்து அதனையும் தாண்டித் துப்பாக்கியைப் பிளக்கவல்லது. மருந்தே இல்லாத தோட்டாவும் தீங்கற்றதன்று. தீமூட்டி மாத்திரம் வெடித்துச் சன்னத்தைக் குழலின் நடுவே தள்ளி நிறுத்திவிடும். அதை அறியாது அடுத்ததைச் சுட்டாற் குழல் வெடிக்கலாம்.

ஆகையால் அவரிடம் சில விதிகள் இருந்தன. நிரப்பும்போது வானொலி கூடாது, பேச்சுக் கூடாது. ஐம்பது குழிகள் கொண்ட மரப்பலகையில் கோதுகளை நிறுத்தி மருந்திட்டபின், விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொன்றினுள்ளும் பார்த்த பின்னரே சன்னத்தைச் செருகவேண்டும். இடையில் யாரேனும் அழைத்தால், அதுவரை இட்ட மருந்து முழுவதையும் திருப்பிக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

1981 ஆம் ஆண்டு யூன் மாதத்தின் முதற் கிழமையில் ஒரு மாலை. பலகையிற் பாதிக் கோதுகளுக்கு மருந்திட்டிருந்தேன். தொலைபேசியில் எனக்கு அழைப்பு என்று வீட்டுக்காரரின் மனைவி கூறினார். நியூ யோர்க்கிலிருந்து பேசினார் ஊர் நண்பர். யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்துவிட்டார்கள் என்றார். பட்டப்படிப்புக்கு முன் இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் நான் சென்றிருந்து படித்த இடம். ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பது பின்னரே தெரியவந்தது. அன்று தெரிந்தது எரிந்தது என்பது மாத்திரமே. எவ்வளவு நேரம் கதைத்தோமோ அறியேன். திரும்பிவந்து, கையை எங்கே வைப்பதென்று தெரியாதவனாய், விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தேன். ஐம்பதையும் முடித்துப் பெட்டியிலிட்டு மூடினேன்.

மறுநாட் காலையிலேதான் விளக்கைப் பிடித்துப் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. விட்ட இடம் எது என்பதும் உறுதியாக நினைவில்லை. ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தேன். பல தொழிற்சாலைகளின் கோதுகள் கலந்திருந்தமையால் அவற்றின் நிறையே ஒன்றுக்கொன்று பல கிறெயின்கள் வேறுபட்டது. மூன்று கிறெயின் மருந்தின் உண்மையை அத்தராசு சொல்லவியலாது. ஐம்பதையும் பிரிப்பதே வழி. அதற்கெனச் சுத்தியல் போன்றதொரு கருவி உண்டு. தோட்டாவை அதன் தலைக்குள் இறுக்கி மரக்கட்டையில் அடிக்க, சன்னம் தன் நிறையின் உந்தலாற் கழன்றுவிழும். பிற்பகல் முழுவதும் அடித்தேன். இரட்டை மருந்தை எதிர்பார்த்து ஒவ்வொன்றாய்க் கொட்டினேன். அது எதிலும் இருக்கவில்லை. முப்பத்திரண்டாவது தோட்டாவில் மருந்தே இருக்கவில்லை.

வீட்டுக்காரரிடம் நடந்ததை மறைக்காமற் கூறினேன். அவர் கடியவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. தம் பதிவேட்டை எடுத்துவந்து விரித்தார். நிரப்பிய நாள், மருந்தின் பெயர், அளவு, எண்ணிக்கை என ஒவ்வொன்றும் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. ஓரிடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு பதிவுமில்லை. கடையில் வாங்கிய பெட்டிகளின் பற்றுச்சீட்டுகளே ஒட்டப்பட்டிருந்தன. அவர் மனைவி வைத்தியசாலையில் இருந்த காலம் அது என்றார்.

என் கொப்பியில் நான் எழுதாதுவிட்ட நிரல் எதுவென்பது அப்பொழுது விளங்கிற்று. கருவியின் விலை, மருந்தின் விலை, நேரத்தின் விலை எல்லாம் எழுதியிருந்தேன். ஒரு மணித்தியாலத்துக்குச் சிதறாத மனம் என்னிடம் உண்டா என்பதை எழுதவில்லை. கடையில் வாங்குபவன் உண்மையில் வாங்குவது பித்தளையையும் ஈயத்தையும் மாத்திரமன்று. அன்று தனக்கில்லாத கவனத்தையும் பிறரிடமிருந்து வாங்குகிறான். அவ்வாண்டின் எஞ்சிய மாதங்களில் நான் நிரப்பவில்லை. மாதத்துக்கு ஒரு பெட்டி வாங்கினேன், குறைவாகச் சுட்டேன். அடுத்த ஆண்டு, ஊரிலிருந்து கடிதங்கள் ஒழுங்காக வரத் தொடங்கிய பின்னர், மீண்டும் அந்தப் பலகையின்முன் அமர்ந்தேன்.

தானே செய்பவன் எவரையும் சார்ந்திரான் என்பாருமுளர். 2020 இல் அமெரிக்கக் கடைகளிற் தோட்டாக்கள் அருகியபோது, வீட்டில் நிரப்புவோரும் தீமூட்டி கிடைக்காது அலைந்தனர். அதைத் தொழிற்சாலையன்றி வீடு செய்யவியலாது. முழுத் தற்சார்பு என்பது அங்குமில்லை. நம் நாட்டிலோ அனுமதியின்றி வெடிமருந்து வைத்திருத்தலே குற்றமாதலால் இவ்வினாவுக்கு இடமில்லை. ஆயினும் பரிசோதனைச்சாலையில் மாணவர் அமிலத்தை அளக்க நிற்கும்போது, அவர்களுடைய கையைப் பார்ப்பதற்கு முன் முகத்தைப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. முகம் வேறெங்கோ இருக்குமாயின், குடுவையை வைத்துவிட்டு நாளை வருமாறு சொல்லிவிடுவேன். காரணம் கேட்பதில்லை.