வாடைக்கு முதுகு காட்டும் சுவர்

கல்லடிக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் கட்டிய வீட்டின் எந்தச் சுவரில் துளை போட்டாலும் உப்புக்காற்று தேடி வரும். குசினிக்கு குக்கர் ஹூட் விற்கும் கடைகளில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. அங்கே காட்டுவதெல்லாம் உள்ளே தெரிகிற பகுதி: பளபளக்கும் உருக்குத் தகடு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்கள், அடுப்பின்மேல் விழும் விளக்கு. அந்த இயந்திரம் புகையை வெளியேற்றுமா, வெறுமனே இரையுமா என்பதைச் சுவருக்கு வெளியே இருக்கும் ஒரு சாண் மூடிதான் தீர்மானிக்கிறது. மட்டக்களப்பில் அந்த மூடியைக் கழற்றி மாட்டுகிறவர்களைப் பார்க்கவே நான் போனேன்.

வீடு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருடையது. குசினிக்குப் புதிதாக டைல்ஸ் பதித்தபோது சமையல் மேடை நீண்டது. கேஸ் அடுப்பு ஜன்னலோரம் நகர்ந்தது. ஹூட்டை நகர்த்த யாரும் நினைக்கவில்லை. மீன் பொரித்தால் புகையில் பாதி அதன் விளிம்பைத் தொடாமலே மேலேறி, கூரைத் தட்டில் மஞ்சளாகப் படிந்திருந்தது. உயரமும் பிழை. அடுப்புக்கும் ஹூட்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு மீற்றர் இடைவெளி. கேஸ் அடுப்பென்றால் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கேட்பது 65 முதல் 75 சென்ரிமீற்றர். அதைவிடத் தாழ்ந்தால் சுவாலையின் சூடு வடிகட்டியைத் தாக்கும். உயர்ந்தால், மேலேறும் சூடான காற்று போகப் போக விரிந்துகொண்டே போவதால், ஜன்னல் வழியே வரும் சிறு காற்றுக்கூட அதை இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஆரையம்பதியிலிருந்து வந்த மேசன் இதையெல்லாம் ஒரு பார்வையில் அளந்துவிட்டு, நேரே வெளியே போனார். கிழக்குச் சுவரில், கடலைப் பார்த்தபடி மூடி இருந்தது. மூன்று மடல்கள் கொண்ட தகர மூடி. ஆணித் தலைகள் துருவாகி உதிர்ந்திருந்தன. ஒரு மடல் திறக்கவே இல்லை. மற்ற இரண்டையும் யாரோ கம்பியால் இழுத்துத் திறந்தபடியே கட்டிவிட்டிருந்தார்கள். மார்கழி மழையில் தண்ணீர் குழாய்க்குள் புகுந்து அடுப்பில் சொட்டியதற்கு அந்தக் கம்பிதான் காரணம். மூடிக்குப் பின்னால் நுளம்பு வலை வேறு. அதன் கண்களில் எண்ணெய்ப் பசை ஏறி, வலை தோலாகவே மாறியிருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தோம், மறுபக்கம் தெரியவில்லை.

“டீச்சர், மெசின்ல பிழை இல்ல. வாசலைப் பூட்டிப்போட்டு ஆளை வெளிய போ எண்டா அவன் எங்கால போறது?” என்றார் மேசன்.

“அப்ப புது மூடி போட்டாச் சரியா?”

“இந்த இடத்துல தங்கத்துல போட்டாலும் சரிவராது. ஓட்டையை மாத்தோணும்.”

அவர் சொன்னது காற்றின் கணக்கு. கார்த்திகையில் தொடங்கி தைவரை வடகிழக்கிலிருந்து வாடை வீசும். மட்டக்களப்புக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு அந்த மாதங்களில்தான் கொட்டுகிறது. வைகாசிக்குப் பிறகு மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் கச்சான் வரும். மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு, காய்ந்த சூட்டோடு வருவது. வாடை மூடிக்குள் தண்ணீரைத் தள்ளும். கச்சான் புழுதியை மட்டுமே தள்ளும். இரண்டில் ஒன்றுக்கு முகம் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் மேசனின் தேர்வு கச்சான். ஆகவே, துளை தெற்குச் சுவருக்கு, கூரை இறவாரத்துக்குக் கீழே போக வேண்டும். 1978 நவம்பர் 23ஆம் திகதி இந்தக் கரையைத் துவைத்த சூறாவளியைப் பார்த்த தலைமுறைக்குக் காற்றின் திசை பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. புத்தம்புது ஹூட்டின் கையேட்டிலோ திசை பற்றி ஒரு வரி இல்லை. எங்கோ குளிர்நாட்டுச் சுவரை மனத்தில் வைத்து எழுதியது அது.

திசையை மாற்றினால் வேறொரு விலை கொடுக்க வேண்டும். தெற்குச் சுவருக்குப் போக குழாய் சில அடி நீளும், ஒரு முழங்கையும் கூடும். ஒவ்வொரு வளைவிலும் காற்று வேகம் இழக்கிறது. இதை ஈடுகட்ட ஒரே வழி, குழாயை எங்கும் ஒடுக்காமல் இருப்பது. ஹூட்டின் வாய் 6 அங்குலம் என்றால் கடைசிவரை 6 அங்குலம். முன்பு வேலை செய்தவர் சுவரில் பெரிய துளை போடச் சோம்பி 4 அங்குல பிவிசி குழாயைச் செருகியிருந்தார். 6 அங்குல வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 28 சதுர அங்குலம். 4 அங்குல வட்டத்தினது 12½. பாதிக்கும் கீழே! மோட்டர் கத்துகிறது, புகை போகவில்லை என்று வருகிற முறைப்பாடுகளில் பல இந்தக் கணக்கில் முடிந்துவிடும். தவிர, பிவிசி 80 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும் பொருள். உள்ளே எண்ணெய் படிந்த குழாய்க்குத் தீப்பிடித்தால் அதுவும் சேர்ந்து எரியும். தகரக் குழாய்தான் பாதுகாப்பு.

மூடி வாங்கக் காத்தான்குடிக்குப் போனோம். இலங்கையின் மிக நெருக்கமான ஊர்களில் ஒன்று அது. ஒரு வீட்டின் குசினிச் சுவருக்கும் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் இடையே கையை நீட்டினால் தொடும் தூரம்தான் இருக்கும். “இஞ்ச பக்கச் சுவர்ல போட்டா ஹூட் வேலை செய்யும், ஆனா பக்கத்து வீட்டு ராத்தா கதைக்கமாட்டா” என்று சிரித்தார் வெல்டிங் பட்டறைக்காரர். அந்த ஊரில் அவர் செய்யும் குழாய்களில் பல நேரே கூரைக்கு மேலே ஏறுகின்றன.

பட்டறையில் மேசன் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். மலிவான ஹூட்டுகளிலும் மூடிகளிலும் வருவது பெரும்பாலும் 430 ரகத் துருப்பிடியா உருக்கு; காந்தம் ஒட்டும். நிக்கல் இல்லாத அது கடலோரத்தில் சீக்கிரம் புள்ளி விழும். 304இல் சுமார் 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் உண்டு, காந்தம் ஒட்டாது. “காக்கா, ஒட்டல்ல. அப்ப நல்ல தகடுதானே?” என்றான் கூட வந்த உதவியாள் தம்பி. பட்டறைக்காரர் தலையை ஆட்டினார். மாங்கனீசு சேர்த்து விலை குறைத்த 201 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. உப்புக்காற்றில் அது 304க்குக் கிட்டவும் நிற்காது. கல்லடிக்கு உண்மையில் பொருத்தமானது மொலிப்டினம் சேர்த்த 316. அதன் விலை கேட்டு ஆசிரியை தொலைபேசியில் சற்று மௌனமானார். முடிவில் 304 தகடு, பட்டறையிலேயே வளைத்தது.

வடிவமும் மாறியது. மூன்று மடல்களுக்குப் பதில் கீழ்நோக்கிக் கவிழ்ந்த கூடு, உள்ளே ஒரேயொரு தொங்கு மடல். மடலின் அச்சுக்கு உருக்குக் கம்பியோடு நைலோன் புஷ். எண்ணெயும் உப்பும் சேர்ந்து இறுகுவது முதலில் அந்த இடத்தில்தான். நுளம்பு வலை வேண்டாம். அணிலும் மைனாவும் கூடு கட்டாதிருக்க அரை அங்குலக் கண் கம்பிவலை போதும். அதுவும் கழற்றிக் கழுவக்கூடியதாக இருக்க வேண்டும்.

துளை போடும் நாளில் முதலில் வந்தவர் மின்சார வேலைக்காரர். 230 வோல்ட் கம்பி சுவருக்குள் எங்கே ஓடுகிறது என்று பார்க்காமல் கோர் மெஷினை வைப்பதில்லை என்பது மேசனின் கட்டளை. அடுப்பின் நடுக்கோட்டை தூக்குக்குண்டு கட்டிச் சுவரில் ஏற்றினார்கள். அதற்கு நேராக, 70 சென்ரிமீற்றரில் ஹூட்டின் அடிவிளிம்பு. தெற்குச் சுவரின் துளை வெளிப்பக்கம் சற்றே சரிந்திருந்தது. குழாய்க்குள் படியும் ஈரம் அடுப்புக்குத் திரும்பாமல் வெளியே வடிவதற்காக. மூடியைச் சுற்றிச் சிலிக்கோன் பூசும்போது மேசன் மேல்விளிம்பையும் இரு பக்கங்களையும் அடைத்து, கீழ்விளிம்பை மட்டும் விட்டார். கேட்டேன். “தண்ணி எப்பிடியும் போகும். போனது வெளிய வர ஒரு வழி வேணும்” என்றார். பழைய கிழக்குத் துளையைக் கல்லும் சீமெந்தும் வைத்து மூடினார்கள்.

சோதனைக்கு ஊதுபத்தி. அடுப்பின் நான்கு மூலைகளிலும் பிடித்துப் பார்த்தார். புகை நான்கிலிருந்தும் உள்ளே வளைந்தது. வெளியே நின்ற தம்பி “மடல் தூக்குது!” என்று கத்தினான். அதன் பிறகுதான் அவர் தேநீரைக் கையில் எடுத்தார்.

இந்த மேசனுக்கு ஹூட் பிற்காலத்தில் வந்த வேலை. அவர் தொழில் பழகியது புகைக்கூடு கட்டி. வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம், படுவான்கரையில் அவர் கட்டியவற்றில் ஒன்றைக் காட்டினார். வீட்டிலிருந்து தள்ளிய தனிக் குசினி, விறகடுப்பு, அதன்மேல் செங்கல் கூடு. முகட்டைவிட இரண்டு அடியாவது உயர்ந்தால்தான் காற்று புகையைத் திருப்பி அடிக்காது என்பது அவர் தகப்பன் சொல்லிக்கொடுத்தது. கிடுகுக் கூரைக்குப் புகை நல்லது, பூச்சி அரிக்காது. சமைக்கிற பெண்ணின் நெஞ்சுக்கு நல்லதில்லை. வீட்டுச் சமையல் புகையால் 2020இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 2012 குடிசன மதிப்பீட்டின்போது இலங்கைக் குடும்பங்களில் முக்கால் பங்குக்கு மேல் விறகில்தான் சமைத்தன.

விறகைக் கைவிட்டவர்களும் திரும்பி வந்தார்கள். 2021 கடைசியில் நாடெங்கும் கேஸ் அடுப்புகளும் சிலிண்டர் இணைப்புகளும் வெடித்தன. 2022இல் கேஸே இல்லாமல் போனது. நகரத்து வீடுகளிலும் விறகடுப்பு எரிந்தது. சிலர் அதை ஹூட்டுக்குக் கீழேயே வைத்தார்கள். விறகின் கரியும் தாரும் வடிகட்டியை வேகமாக அடைக்கும். தெறிக்கும் பொறி எண்ணெய்ப் படிவில் விழுந்தால் ஆபத்து. ஹூட் அதற்குச் செய்ததல்ல. கேஸ் வரிசைகள் முடிந்த பின்னும் ஆசிரியையின் பின்வளவில் மூன்று கல் அடுப்பு இருக்கிறது. அதை எடுக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. நியாயம்தான்.

என் குறை ஒன்று. கடைக்காரர் தரும் ‘இலவசப் பொருத்துகை’ ஹூட்டைச் சுவரில் தொங்கவிடுவதோடு முடிகிறது. மேசன், தகர வேலைக்காரர், மின்சாரக்காரர் மூவருக்கும் இடையில் விழும் இந்த வேலைக்குத் தனிப்பெயரும் இல்லை, தனிக்கூலியும் இல்லை. காற்றைப் படித்துத் துளையின் இடம் சொன்னவருக்கு அன்று கிடைத்தது, சுவர் பூசினால் கிடைக்கும் அதே நாட்கூலி. இது சரியல்ல. இடம் சொல்வதற்கென்று தனியாகக் கேட்டால், கொடுங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்கள் ஐப்பசி பிறக்குமுன் வெளிச்சுவருக்குப் போய் மூடியின் மடலை விரலால் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். விட்டதும் தானாக விழுந்து மூடினால் கவலையில்லை. இறுகி நின்றால், வாடை தொடங்குமுன் மேசனைக் கூப்பிடுங்கள்.