மலை வயிற்றில் ஒரு மின்நிலையம்

வேல்ஸ் நாட்டின் லான்பெரிஸ் கிராமத்தில் நின்றால், எதிரே சிலேட்டுக்கல் வெட்டிய வடுக்களுடன் எலிடிர் மலை தெரியும். 1984-இல் திறக்கப்பட்ட டினோர்விக் நீர்மின் நிலையம் அதன் வயிற்றுக்குள் மறைந்திருக்கிறது.

பிரிட்டனின் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சியில் நிற்க வேண்டும். தொலைக்காட்சித் தொடர் முடிந்ததும் இலட்சக்கணக்கான வீடுகளில் தேநீர்க் கெண்டிகள் ஒருசேரச் சூடேறும்; நாடெங்கும் ஜெனரேட்டர்களின் வேகம் தளரும். அவ்வேளை மேல் ஏரியின் நீரைத் திறந்துவிட, காற்றில் வெறுமனே சுழன்றுகொண்டிருந்த இயந்திரங்கள் சில விநாடிகளில் முழுத்திறன் பெறுகின்றன. தேநீருக்காகவா மலையைக் குடைந்தார்கள் என்று நகைக்க வேண்டாம்! 2019 ஆகஸ்ட் 9 அன்று அந்த அளவு 48.8-க்குச் சரிந்தபோது, சுமார் பத்து இலட்சம் இணைப்புகள் இருண்டன. இரயில்கள் நடுவழியில் நின்றன.

தேவை குறையும் இரவில் நீரை மீண்டும் மலைமேல் ஏற்றுகின்றனர். அதற்குச் செலவாகும் மின்சாரத்தில் ஏறத்தாழக் கால்பங்கு திரும்புவதில்லை.