குதிகாலின் சிறு அசைவு

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் நோக்கி ஜவ்வாது மலையேறிய அன்று, கொண்டையூசி வளைவொன்றில் வேகம் முற்றிலும் தளர்ந்து, காலணியடியிலுள்ள கிளீட் பெடலின் பிடியினின்று விடுபடாமையால், சைக்கிளோடு சாய்ந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். பனிச்சறுக்குக் காலணியின் பிடிப்பைப் பின்பற்றி 1984-இல் பிரான்சில் உருவான சாதனத்தின் வழிவந்தது இப்பெடல்; விழும்போது காலை விடுவிப்பதே அதன் ஆதி தர்மம். பலாமர நிழலில் அமர்ந்து, 3 மி.மீ. ஆலன் சாவியால் இறுக்கத் திருகாணியை இடப்புறமாக ஒவ்வொரு ‘கிளிக்’காகத் தளர்த்தி, இரு பெடல்களின் இரு முகங்களிலுமுள்ள நான்கையும் ஒரே அளவில் நிறுத்தி, குதிகாலை வெளிப்புறம் திருப்பித் திருப்பிப் பரீட்சித்தேன். மிகத் தளர்த்துவதும் அபாயமே. எழுந்து நின்று மிதிக்கையில் பாதம் தானாகவே கழன்றுவிடும்.

புதிதாய்ப் பழகுகிறவர்கள், தயவுசெய்து, வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே இதைச் சரிபார்த்துவிட்டு மலைக்குப் புறப்படுங்கள். ஜமுனாமரத்தூர்க் கடைத்தெருவில் நின்றபோது ‘டக்’கென்று கால் விடுபட்டது, அந்தச் சப்தம் எனக்கு எவ்வளவு ஆனந்தமளித்தது!